பாறைக்கு வண்ணம் தீட்டியவர்

உங்கள் புத்தகப் பையில் ஓர் அட்லஸ் இருக்கும் அல்லவா? எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஆறுகள் நீலக் கோடுகளாக ஓடும். மலைகள் பழுப்பு நிறத்தில் நிற்கும். ஊர்கள் புள்ளிகளாக இருக்கும். எல்லாம் தரைக்கு மேலே உள்ளவை. நாம் மிதித்து நடக்கிறோமே, அந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடம் உண்டா?

உண்டு. அதற்கு நிலவியல் வரைபடம் என்று பெயர். எங்கே சுண்ணாம்புக்கல், எங்கே களிமண், எங்கே நிலக்கரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் கொடுத்திருப்பார்கள். ஒரு நாடு முழுவதற்கும் அப்படி ஒரு மாபெரும் வரைபடத்தை, அரசாங்க உதவி இல்லாமல், தனி ஆளாக ஊர் ஊராகச் சுற்றித் தயாரித்தவர் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்மித். அந்த வரைபடம் 1815-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து அவர் எங்கே இருந்தார் தெரியுமா? கடன் கட்ட முடியாதவர்களை அடைத்து வைக்கும் லண்டன் சிறையில்!

ஏன் அப்படி ஆயிற்று? முதலிலிருந்து வருவோம்.

கோலி குண்டும் எடைக்கல்லும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயர் என்ற மாவட்டத்தில் சர்ச்சில் என்று ஒரு சின்னக் கிராமம். நம் வரலாற்றுப் பாடத்தில் வருகிறாரே, வாரன் ஹேஸ்டிங்ஸ், வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல், அவர் பிறந்ததும் இதே ஊரில்தான். அவர் பிறந்து 36 ஆண்டுகள் கழித்து, 1769 மார்ச் 23-இல் வில்லியம் ஸ்மித் பிறந்தான். அப்பா ஊர்க் கொல்லர். வில்லியமுக்கு எட்டு வயது ஆகும்போது அவர் இறந்து போனார். அதன் பிறகு பையன் அப்பாவின் சகோதரருடைய பண்ணையில் வளர்ந்தான். கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான். கல்லூரி வாசலை அவன் மிதித்ததே இல்லை.

அந்த ஊர்ப் பிள்ளைகள் கோலி விளையாடக் கடைக்குப் போக மாட்டார்கள். உழுத வயலில் உருண்டை உருண்டையாகச் சின்னக் கற்கள் கிடக்கும். சிப்பியைப் போல இரண்டு மூடி ஒட்டிய வடிவம். பொறுக்கி வந்து அதை வைத்தே கோலி ஆடுவார்கள். இன்னொரு வகைக் கல்லும் உண்டு. ரொட்டியைப் போல வட்டமாக, மேலே நட்சத்திரம் போட்டது போலக் கோடுகளோடு, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். பால் பண்ணைப் பெண்கள் வெண்ணெய் நிறுக்கும்போது அதைத்தான் தராசில் எடைக்கல்லாகப் போடுவார்கள்!

அவை எல்லாம் உண்மையில் கடலில் வாழ்ந்த பிராணிகள். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு செத்துச் சேற்றில் புதைந்து, கல்லாகிப் போனவை. இவற்றைத்தான் புதைபடிவங்கள் என்கிறோம். அந்த எடைக்கல், கடல் முள்ளெலி என்ற பிராணியின் ஓடு. சர்ச்சில் கிராமத்திலிருந்து கடல் வெகு தொலைவு. கடல் பிராணிக்கு வயல்வெளியில் என்ன வேலை? ஊரில் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வெண்ணெய் சரியாக நிறுத்தால் போதும் என்று விட்டு விட்டார்கள். வில்லியம் மட்டும் அந்தக் கற்களைச் சேர்த்து வைத்துக் கொண்டான்.

பதினெட்டாவது வயதில் அவனுக்கு ஒரு வழி பிறந்தது. ஊர் நிலங்களை அளக்க எட்வர்டு வெப் என்ற சர்வேயர் வந்தார். பையன் தானாகவே புத்தகம் பார்த்து நில அளவைக் கணக்குப் படித்திருப்பதைக் கண்டு உதவியாளாகச் சேர்த்துக் கொண்டார். சங்கிலி பிடிப்பது, கோணம் பார்ப்பது, படம் வரைவது எல்லாம் அவரிடம்தான் கற்றான். சில ஆண்டுகளில் தனியாக வேலைக்கு அனுப்பும் அளவுக்குத் தேறி விட்டான். இனி நாமும் அவரை மரியாதையாகவே அழைப்போம்.

சுரங்கத்துக்குள்ளே ஒரு கேள்வி

1791-இல் ஸ்மித் வேலைக்காக சாமர்செட் என்ற பகுதிக்குப் போனார். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் அதிகம். வாளி போன்ற ஒன்றில் கயிறு கட்டி ஆட்களைக் கீழே இறக்குவார்கள். ஸ்மித்தும் இறங்கினார். இறங்க இறங்கச் சுரங்கச் சுவரில் பாறை அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. மணற்கல், களிப்பாறை, நிலக்கரி, மறுபடி களிப்பாறை. இந்த வரிசை எல்லாச் சுரங்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அங்கே வேலை செய்த தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். தாத்தா காலத்திலிருந்தே தெரியும். ஆனால் அதற்கு மேலே கிடக்கும் பாறைகளுக்கு வரிசை, ஒழுங்கு எதுவும் கிடையாது என்றே அவர்கள் நினைத்தார்கள்.

கீழே ஒழுங்கு இருக்கிறது. மேலே மட்டும் எப்படி இல்லாமல் போகும்? இதுதான் ஸ்மித்தின் மனதில் விழுந்த கேள்வி.

விடை தேட அவருக்கு ஒரு நல்ல வாய்ப்பும் வந்தது. அந்த நிலக்கரியைப் படகில் ஏற்றிச் செல்ல ஒரு கால்வாய் வெட்டத் திட்டமிட்டார்கள். லாரியும் ரயிலும் இல்லாத காலம் அது. கால்வாய்க்கு நிலம் அளக்கும் வேலை ஸ்மித்துக்குக் கிடைத்தது. கால்வாய் வெட்டுவது என்றால் என்ன? மைல் கணக்கில் நிலத்தைக் கத்தியால் கேக் வெட்டுவது போலப் பிளப்பதுதானே! பிளந்த இடத்தில் எல்லாம் பாறை அடுக்குகள் தெரிந்தன. ஸ்மித் ஆறு ஆண்டுகள் அதைப் பார்த்துக் கொண்டே நடந்தார்.

உங்கள் ஆசிரியர் மேசையில் நாற்பது நோட்டுப் புத்தகங்களைத் திருத்த அடுக்கி வைத்திருப்பார். யாராவது இடித்தால் அடுக்கு ஒரு பக்கமாகச் சரியும். அப்போது ஒவ்வொரு நோட்டின் ஓரமும் வெளியே தெரியும், இல்லையா? அடியில் இருந்த நோட்டின் ஓரத்தையும் மேலிருந்தே பார்த்து விடலாம். அங்கே பூமியின் பாறை அடுக்குகளும் இப்படித்தான் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன என்பதை ஸ்மித் கண்டார். மேற்கிலிருந்து கிழக்கே நடந்து போனால் பழைய அடுக்குகள் முதலிலும் புதிய அடுக்குகள் பிறகும் வரிசையாகக் காலடியில் வந்து போகும். தோண்டாமலே பூமியைப் படித்து விடலாம்!

ஆனால் ஒரு சிக்கல். களிமண் என்றால் எல்லாக் களிமண்ணும் ஒன்று போலத்தான் இருக்கும். இது மேல் அடுக்குக் களிமண்ணா, கீழ் அடுக்குக் களிமண்ணா என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் அந்தக் கோலி குண்டு கைகொடுத்தது. ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருக்கின்றன, ஓர் அடுக்கில் உள்ள வகை அடுத்த அடுக்கில் இல்லை என்று ஸ்மித் கண்டுபிடித்தார். பாறையின் நிறம் ஏமாற்றலாம், அதில் உள்ள சிப்பியும் நத்தையும் ஏமாற்றாது. 1796 ஜனவரி மாதம், டங்கர்டன் என்ற ஊரில் ஒரு விடுதியில் உட்கார்ந்து இதை முதல் முறையாகத் தாளில் எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயது 26.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கறுப்பாக ஒரு களிமண் கண்ணில் பட்டாலே கீழே நிலக்கரி இருக்கும் என்று நம்பி, கையில் இருந்த பணத்தை எல்லாம் கொட்டிக் குழி தோண்டிய நிலக்கிழார்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அந்தக் களிமண்ணில் இருக்கும் ஒரு சிப்பியைப் பார்த்தே, இது மேல் அடுக்கு, நிலக்கரி இங்கிருந்து வெகு ஆழத்தில், வீணாகத் தோண்ட வேண்டாம் என்று ஸ்மித்தால் சொல்ல முடிந்தது. ஒரு சிப்பி ஒரு குடும்பத்தின் சொத்தையே காப்பாற்றும்!

நம் ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லாகிப் போன நத்தையும் சிப்பியும் புதிதல்ல. 1860-களில் ஹென்றி பிளான்போர்டு என்பவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக அந்தப் பகுதியை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று பாறைத் தொகுதிகளாகப் பிரித்தார். ஸ்மித் காட்டிய வழியில், புதைபடிவங்களின் துணையோடுதான் அது நடந்தது.

நாடு முழுவதும் ஒரே படம்

1799-இல் கால்வாய்க் கம்பெனி ஸ்மித்தை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் பாத் நகரில் இரண்டு பாதிரியார் நண்பர்கள், டவுன்சென்ட், ரிச்சர்ட்சன் என்பவர்கள், அவரை உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த பாறை அடுக்குகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். மேலே சுண்ணக்கட்டியில் தொடங்கிக் கீழே நிலக்கரி வரை 23 அடுக்குகள்! பாத் நகரைச் சுற்றியுள்ள இடத்துக்கு வட்ட வடிவில் ஒரு சின்ன வரைபடமும் அந்த ஆண்டே வரைந்து வண்ணம் தீட்டினார். ஓர் ஊரைச் சுற்றி மட்டும்தான். ஆனால் மனதில் நாடே இருந்தது.

அந்த 23 அடுக்குப் பட்டியலைப் பலர் கையால் படியெடுத்துக் கொண்டார்கள். கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போயிற்று. எழுதியவர் பெயரை எல்லோரும் எடுத்துப் போனார்களா என்பது வேறு விஷயம்! ஸ்மித் தாராள மனதுக்காரர். தெரிந்ததை எல்லாம் யார் கேட்டாலும் சொல்லி விடுவார். எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் மட்டும் சோம்பல் இல்லாவிட்டாலும் தயக்கம். இது அவருக்குப் பின்னால் பெரிய இடைஞ்சலாக வந்தது.

வயல்களில் தண்ணீர் வடியச் செய்வது, கடல் அரிப்பைத் தடுப்பது, ஊற்று கண்டுபிடிப்பது என்று கூப்பிட்ட இடத்துக்கு எல்லாம் போய் வேலை செய்தார். அதில் வந்த பணத்தில்தான் சாப்பாடு, வண்டிச் சத்தம் எல்லாம். போகிற வழியில் பாறை பார்ப்பார். கோச்சு வண்டி, குதிரை, கால்நடை என்று ஒரே ஆண்டில் பத்தாயிரம் மைல் வரை கூடச் சுற்றியிருக்கிறார். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு 430 மைல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை தடவை போய் வந்த தூரம் என்று தெரியும்.

வரைபடத்தை அச்சிடப் பணம்? அதுதான் கிடைக்கவில்லை. 1801-இலேயே ஒரு பதிப்பாளரை நம்பி அறிவிப்பு வெளியிட்டார்கள். பதிப்பாளர் திவாலாகி விட்டார். இயற்கை அறிஞர் சர் ஜோசப் பேங்க்ஸ் முதல் ஆளாக ஐம்பது பவுன் கொடுத்துப் பார்த்தார். மற்றவர்கள் அவ்வளவு சுறுசுறுப்புக் காட்டவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடிற்று.

கடைசியில் ஜான் கேரி என்ற லண்டன் வரைபடப் பதிப்பாளர் துணிந்து முன்வந்தார். அந்தக் காலத்தில் வரைபடம் அச்சிடுவது லேசான காரியம் அல்ல, குழந்தைகளே! செப்புத் தகட்டில் ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடி பிம்பம் போல இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பிறகு மை பூசி, துடைத்து, தாளை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இந்த வரைபடத்துக்கு 15 தாள்கள். எல்லாவற்றையும் ஒட்டினால் எட்டரை அடி உயரம், ஆறு அடி அகலம். ஐந்து மைல் நிலம் ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கும். நம் வீட்டு வாசற்கதவை விடப் பெரிய படம்!

அச்சில் வருவது கறுப்புக் கோடு மட்டும்தான். வண்ணம்? ஒவ்வொரு படியிலும் ஆட்களை உட்கார வைத்துத் தூரிகையால் தீட்ட வேண்டும். நிலக்கரிக்குக் கறுப்பு, பாத் நகரத்துக் கட்டடக் கல்லுக்கு மஞ்சள், செம்மண் பாறைக்குச் சிவப்பு. இயன்ற வரை பாறையின் சொந்த நிறத்தை ஒட்டியே தேர்ந்தெடுத்தார்கள். சுண்ணக்கட்டி மட்டும் வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளை தெரியாதே! அதற்குப் பச்சை கொடுத்தார்கள். இன்னொரு நல்ல யோசனையும் ஸ்மித் செய்தார். ஒவ்வொரு அடுக்கின் அடி ஓரத்தில் வண்ணத்தை அழுத்தமாகத் தீட்டி, மேலே போகப் போக வெளிறச் செய்தார். படத்தைப் பார்த்த உடனே எந்த அடுக்கு எதன் மேல் ஏறிக் கிடக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்து விடும். என் கணிப்பில், அந்தப் படத்தின் அழகுக்கே அந்த வெளிறும் வண்ணம்தான் காரணம்.

1815-இல் படம் வெளியாயிற்று. விலை ஐந்து கினி. கினி என்றால் 21 ஷில்லிங். கூலி வேலை செய்பவரின் பல வாரச் சம்பளம். துணியில் ஒட்டி உருளையில் சுற்றித் தருவதற்கு விலை இன்னும் அதிகம். மொத்தம் சுமார் 400 படிகள்தான் தயாராயின. ஸ்மித் அவற்றில் எண் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கலைச் சங்கம் இப்படி ஒரு வரைபடத்துக்காகப் பல ஆண்டுகளாக அறிவித்து வைத்திருந்த ஐம்பது பவுன் பரிசும் அவருக்கே கிடைத்தது.

மறு ஆண்டே ஒரு புத்தகம் வெளியிடத் தொடங்கினார். எந்தப் பாறையில் எந்தப் புதைபடிவம் என்று படம் போட்டுக் காட்டும் புத்தகம். அதில் ஒரு வேடிக்கை. எந்தப் பாறையோ அந்தப் பாறையின் நிறத் தாளிலேயே படங்களை அச்சிட்டார்! பக்கத்தைப் புரட்டினால் பூமிக்குள் இறங்குவது போல இருக்கும். பணம் இல்லாததால் அந்தப் புத்தகம் முழுதாக வெளிவராமல் பாதியிலேயே நின்று போனது.

சிறைக்கதவு

கடன் எப்படி வந்தது? பாத் நகருக்கு அருகே ஸ்மித் நிலம் வாங்கிக் கல் குவாரி தொடங்கினார். கல்லை ஏற்றிச் செல்லத் தண்டவாளம் எல்லாம் போட்டார். பாறையைப் பார்த்தே அடியில் உள்ளதைச் சொல்லும் மனிதருக்குச் சொந்தக் குவாரியில் நல்ல கல் கிடைக்காமல் போனது. விதி விளையாடி விட்டது என்பதா? லண்டனில் ஒரு பெரிய வீடு, புதைபடிவங்களை அடுக்கி வைக்க அறைகள், பாத் அருகே ஒரு வீடு என்று வருமானத்துக்கு மேல் செலவு செய்ததும் உண்மை. எல்லாப் பழியையும் மற்றவர் மேல் போட்டு விட முடியாது. அவருடைய மனைவி மேரி ஆன் மனநோயால் துன்பப்பட்டு வந்தார். தாய் தந்தை இழந்த சகோதரி மகன் ஜான் பிலிப்ஸும் அவர் பொறுப்பில் வளர்ந்தான். தங்கையின் பிள்ளையா, அக்காளின் பிள்ளையா என்று பார்க்காமல், தன் பிள்ளையாகவே வளர்த்தார்.

கடனை அடைக்கத் தன் உயிரான புதைபடிவச் சேகரிப்பையே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றார். 2,000-க்கும் மேற்பட்ட கற்கள். எல்லாம் சேர்த்துக் கிடைத்தது 700 பவுன்.

இன்னொரு பக்கத்திலிருந்து இன்னோர் அடி விழுந்தது. 1807-இல் லண்டனில் நிலவியல் சங்கம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். பெரும்பாலும் வசதியான வீட்டுக் கனவான்கள். அதன் தலைவர் ஜார்ஜ் கிரீனோ. அவர்கள் 1808-இல் ஸ்மித் வீட்டுக்கு வந்து சேகரிப்பை எல்லாம் பார்த்து விட்டுப் போனார்கள். கொல்லர் மகனை உறுப்பினராகச் சேர்த்துக் கொள்ளவில்லை. அதோடு விட்டார்களா? தாங்களே ஒரு வரைபடம் தயாரித்தார்கள். ஸ்மித்தின் உழைப்பு அதில் நிறையவே கலந்திருந்தது. 1820-இல் அதைக் குறைந்த விலைக்கு வெளியிட்டார்கள். கிரீனோவும் பல ஊர் சுற்றிக் குறிப்பெடுத்தவர்தான், ஒன்றும் தெரியாதவர் அல்ல. ஆனாலும் ஒருவர் படத்தைப் பார்த்துக் கொண்டே இன்னொரு படம் வரைந்து, பெயரையும் சொல்லாமல், விலையையும் குறைத்தால் முதல் படத்தை யார் வாங்குவார்கள்? நீங்களே சொல்லுங்கள்!

அந்தப் போட்டிப் படம் வெளிவருவதற்கு முன்பே, 1819 ஜூன் மாதம், கடன் கொடுத்த ஒருவர் வழக்குப் போட்டு ஸ்மித்தைச் சிறையில் அடைத்தார். ஆகஸ்ட் கடைசியில் விடுதலையாகி வீட்டுக்கு வந்தால், வீட்டு வாசலில் ஜப்தி செய்ய வந்தவர்கள் நின்றார்கள். மேசை, நாற்காலி, புத்தகம் எல்லாம் போயிற்று. வரைபடங்களையும் குறிப்புகளையும் மட்டும் ஒரு நண்பர் மீட்டுக் கொடுத்தார். ஐம்பது வயதில், மனைவியையும் சகோதரி மகனையும் அழைத்துக் கொண்டு வடக்கே போகும் கோச்சு வண்டியில் ஏறினார் ஸ்மித். லண்டனில் இனி குடியிருப்பதில்லை என்ற முடிவோடு.

கடற்கரையில் ஒரு வட்டக் கட்டடம்

வடக்கே யார்க்ஷயர் பகுதி. சொந்த வீடு கிடையாது. எங்கே வேலையோ அங்கே அறை வாடகை. ஆனாலும் வரைபட வேலை நிற்கவில்லை. ஜான் கேரியும் கைவிடவில்லை. நாட்டுப் படத்தை விட்டு விட்டு இப்போது மாவட்டம் மாவட்டமாக வெளியிட்டார்கள். 1819 முதல் 1824 வரை 21 மாவட்டங்களின் வரைபடங்கள் வந்தன. கேரியிடம் ஏற்கெனவே இருந்த மாவட்டத் தகடுகளிலிருந்து அச்சிட்டு, மேலே ஸ்மித்தின் பாறை வண்ணங்களைத் தீட்டினார்கள். புதுத் தகடு செதுக்கும் செலவு மிச்சம். 1821-இல் வந்த யார்க்ஷயர் வரைபடம் மட்டும் நான்கு தாள்கள்! அவ்வளவு பெரிய மாவட்டம் அது.

யார்க்ஷயர் கடற்கரையில் ஸ்கார்பரோ என்று ஓர் ஊர். இரண்டு வளைகுடாக்கள், நடுவே கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கும் பாறை மேல் ஒரு பழைய கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு மருந்து ஊற்று இருப்பது தெரிய வந்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கவும், பிறகு கடலில் குளிக்கவும் பணக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் முதல் கடற்கரைச் சுற்றுலா ஊர் என்று அதைத்தான் சொல்வார்கள். வந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். ஸ்மித் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்! ஏன் என்றால் அலை அரித்த செங்குத்துப் பாறையில் அடுக்குகள் எல்லாம் திறந்த புத்தகம் போலத் தெரிந்தன. ஒரு குழியும் தோண்ட வேண்டாம்.

சகோதரி மகன் ஜான் பிலிப்ஸ் இப்போது வாலிபன். இருவரும் சேர்ந்து யார்க், ஹல், ஸ்கார்பரோ முதலிய ஊர்களில் பாறைகளைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தினார்கள். ஸ்கார்பரோவுக்குச் சில மைல் தூரத்தில் ஹாக்னஸ் என்ற இடத்தில் சர் ஜான் ஜான்ஸ்டன் என்ற நிலக்கிழார் இருந்தார். அவர் 1828-இல் ஸ்மித்தைத் தம் பண்ணை மேலாளராக வைத்துக் கொண்டார். ஒன்பது ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு ஒரு நிலையான வேலை, ஒரு வீடு.

ஸ்கார்பரோ ஊர்க்காரர்கள் ஓர் அறிவியல் சங்கம் வைத்திருந்தார்கள். ஒரு மியூசியம் கட்ட ஆசைப்பட்டார்கள். கட்டடம் வட்டமாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னவர் ஸ்மித். ஏன் வட்டம்? சுவரைச் சுற்றி அலமாரிகள். அடித்தட்டில் மிகப் பழைய பாறையின் புதைபடிவங்கள், அதற்கு மேல் அடுத்தது, அதற்கும் மேல் அடுத்தது. தட்டுகளையும் சாய்வாகவே வைக்கச் சொன்னார், பூமியில் அடுக்குகள் சாய்ந்திருப்பது போல! படியேறினால் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறலாம். குவிமாடத்துக்குக் கீழே சுவரைச் சுற்றி யார்க்ஷயர் கடற்கரைப் பாறைகளின் நீண்ட படம். ஜான்ஸ்டன் தம் ஹாக்னஸ் குவாரியிலிருந்து கல் கொடுத்தார். 1829-இல் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. ரோட்டன்டா என்று பெயர்.

ஹாக்னஸில் இருந்தபோது ஸ்மித் இன்னொரு வரைபடமும் செய்தார். 1832-இல் அச்சான ஹாக்னஸ் குன்றுகளின் படம். நாடு முழுவதையும் ஆறடி அகலத்தில் அடைத்தவர், இப்போது ஒரே ஒரு பண்ணையைச் சுற்றியுள்ள குன்றுகளை, ஒரு மைலுக்கு ஆறு அங்குலத்துக்கும் மேல் என்ற பெரிய அளவில் வரைந்தார். ஓடை ஓடையாக, வயல் வயலாக நடந்து பார்த்து வரைந்த படம் என்பது அதைப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு நுணுக்கமான வேலை அவருடைய மற்ற வரைபடங்களில் கிடையாது என்பேன்.

மறந்தவர்கள் நினைத்தார்கள்

லண்டனில் நிலவியல் சங்கத்தில் புதிய தலைமுறை வந்து விட்டது. ஸ்மித்துக்கு நடந்தது அநியாயம் என்று அவர்களில் பலர் உணர்ந்தார்கள். 1831-இல், அப்போதைய தலைவர் ஆடம் செட்ஜ்விக் காலத்தில், சங்கத்தின் உயர்ந்த பரிசான வோலஸ்டன் பதக்கம் முதல் முறையாக வழங்கப்பட்டது. பெற்றவர் வில்லியம் ஸ்மித்! இங்கிலாந்து நிலவியலின் தந்தை என்று செட்ஜ்விக் அவருக்குப் பட்டம் சூட்டினார். அடுத்த ஆண்டு முதல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை கொடுத்தது. 1835-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி டாக்டர் பட்டம் அளித்தது. கல்லூரி வாசலை மிதிக்காத கொல்லர் மகன், டாக்டர் ஸ்மித் ஆனார்.

1834-இல் லண்டன் பாராளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து எரிந்து போனது அல்லவா? புதுக் கட்டடத்துக்கு எந்தக் கல் நல்லது என்று பார்க்க 1838-இல் ஒரு குழு நாடெங்கும் சுற்றியது. அதில் 69 வயது ஸ்மித்தும் ஒருவர். அவர்கள் தேடிப் பிடித்த கல் பின்னாளில் லண்டன் நிலக்கரிப் புகையில் உதிர ஆரம்பித்து விட்டது. கல் விஷயத்தில் அவருக்கு ராசியே இல்லை போலிருக்கிறது!

1839 ஆகஸ்டில் பர்மிங்காம் நகரில் ஓர் அறிவியல் மாநாடு. அதற்குப் புறப்பட்டவர் வழியில் நார்தாம்ப்டனில் நண்பர் வீட்டில் தங்கினார். சளி பிடித்தது. ஆகஸ்ட் 28-இல் காலமானார். வயது 70. அங்கே செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுதான். 1845-இல் ஸ்கார்பரோவுக்கு ரயில் வந்தது. மருந்து ஊற்றுக்கு வந்த பணக்காரர்கள் போய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரத் தொடங்கியது. ரோட்டன்டாவுக்கு 1860-இல் இரண்டு பக்கமும் சிறகுகள் வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. 1835-இல் தொடங்கிய அரசு நிலவியல் ஆய்வுத் துறை, ஸ்மித் தனியாகச் செய்ததை ஆட்களை வைத்து நாடு முழுவதும் செய்தது. ஜான் பிலிப்ஸ் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1844-இல் மாமாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டதும் அவர்தான்.

கிரீனோவின் போட்டி வரைபடம் என்ன ஆயிற்று என்று கேட்க மறந்து விட்டீர்களே! அவர் 1855-இல் இறந்தார். அதன் பிறகு 1865-இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது, இது ஸ்மித்தின் 1815-ஆம் ஆண்டு வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டது என்று தலைப்பிலேயே அச்சிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து!

ஸ்கார்பரோவின் வட்டக் கட்டடம் 2008-இல் பழுது பார்க்கப்பட்டு, வில்லியம் ஸ்மித் பெயரிலேயே நிலவியல் மியூசியமாகத் திறக்கப்பட்டது. லண்டன் நிலவியல் சங்கத்தில் அவருடைய பெரிய வரைபடம் நீலத் திரைக்குப் பின்னால் தொங்குகிறது. வெளிச்சம் பட்டால் கையால் தீட்டிய வண்ணம் மங்கி விடும் என்பதால் திரை. கிரீனோவின் வரைபடமும் அங்கேயே, அதே போலத் திரை போட்டுத் தொங்குகிறது. அது போதாது என்று, 2014-இல் அந்தச் சங்கத்தின் ஆவணக் காப்பறையில் தோல் உறைக்குள் மடித்து வைத்த இன்னொரு படி கிடைத்தது. பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாதது. வெளிச்சமே படாததால் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் புதிது போலவே இருந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, ஸ்மித் முதன்முதலாகத் தயாரித்த சில படிகளில் அதுவும் ஒன்று என்று தெரிந்தது.